ஹார்டு டிஸ்க்குக்குப் போர்த்திய கம்பளி

1. சிவப்பு விளக்கு

"தம்பி, உங்கட பெட்டி இன்னும் எழும்பேல்லை."

அந்தக் குளிர்காலத்தில் என் நாட்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கின. காலை ஐந்து நாற்பது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. எதிர்வீடு இருக்கிறதா, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்று சொல்ல முடியாது. போனில் யோகநாதன் அண்ணன். மெல்பர்னுக்கு வடக்கே கிரெய்கிபர்னிலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கு வேலையாட்களை ஏற்றிச்செல்லும் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவர். யாழ்ப்பாணத்துக்காரர். வயது அறுபத்தொன்று.

பெட்டி என்றால் அவருடைய பஸ்ஸில் நான் பொருத்திய வீடியோ ரெக்கார்டரின் ஹார்டு டிஸ்க் பெட்டி. எழும்புவது என்றால் உள்ளே தட்டு சுழன்று, பெட்டியின் மேலிருக்கும் சிவப்பு விளக்கு பச்சையாவது.

"எவ்வளவு நேரமா அண்ணே சிவப்பு?"

"பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம். நான் எழும்பி, குளிச்சு, தேத்தண்ணி குடிச்சு, டிப்போவுக்கும் வந்திட்டன். இவர் இன்னும் படுத்திருக்கிறார். ஒரு போர்வை வாங்கிக் குடுங்கோ, பாவம், குளிருது போல."

சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அவர் வேடிக்கையாகச் சொன்னதை நான் நடைமுறைப்படுத்தினேன். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

வண்டிகளில் கம்ப்யூட்டர் பொருத்தும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், "இப்பல்லாம் யார் சார் சுத்துற டிஸ்க் வைக்கிறாங்க?" என்று கேட்பார்கள். எட்டு கேமரா, முப்பது நாள் பதிவு, முப்பத்திரண்டு பஸ், சிக்கனமான கம்பெனி. இந்த நான்கையும் பெருக்கினால் சுழலும் டிஸ்க் என்றுதான் விடை வரும். அதற்குக் குளிர் ஆகாது. தட்டைத் தாங்கும் பேரிங்கில் எண்ணெய் கெட்டியாகிவிடும். அப்போது வம்படியாகச் சுழலவிட்டால் மோட்டார் திணறும், படிக்கும் ஹெட் தடம் தெரியாமல் தடுமாறும். ஆகவே ரெக்கார்டரில் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். டிஸ்க்கின் வெப்பம் ஐந்து டிகிரிக்குக் கீழே இருந்தால் அதற்கு கரண்ட் கொடுக்காது. பஸ்ஸின் ஹீட்டர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சூடேற்றும்வரை காத்திருக்கும்.

எனக்கு அந்தக் குணம் பிடிக்கும். ஐந்து டிகிரிக்குக் கீழே எழும்ப மாட்டேன் என்று எழுத்துபூர்வமாக உரிமை வாங்கிவைத்திருக்கும் ஒரே சக ஊழியர் அதுதான்.

இன்னொரு விவரம். ரெக்கார்டரின் மூளையான போர்டு, டிரைவரின் தலைக்கு மேலே கூரையில் இருக்கிறது. டிஸ்க் மட்டும் தனியே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தரையோடு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள். இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போகப்போவது இந்த ஏற்பாட்டில்தான்.

2. பாட்டுப்பெட்டிக்கு ஜன்னி

குளிரையும் டிஸ்க்கையும் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. அதுதான் வேடிக்கை.

சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் மாணவனாக நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்த காலத்தில், மூன்று கை மாறி வந்த என் காரின் டிக்கியில் ஒரு முழு கம்ப்யூட்டரைப் பொருத்தியிருந்தேன். பாட்டுக் கேட்கத்தான். ஆயிரக்கணக்கான பாட்டுகள். ஒரு குளிர்கால விடுமுறைக்குப் பனிமலைப் பக்கம் போனோம். இரவெல்லாம் கார் வெளியில் நின்றது. காலையில் சாவியைத் திருப்பினேன். டிக்கியிலிருந்து, தூக்கத்தில் பல்லைக் கடிப்பவனின் சத்தம்.

அறைத்தோழன் பிரபு சொன்னான்: "டேய், உன் பாட்டுப்பெட்டிக்கு ஜன்னி வந்துடுச்சுடா. உள்ள எடுத்துட்டு வந்து ஹீட்டர் பக்கத்துல வை."

வைத்தேன். வைத்த கையோடு சுவிட்சையும் போட்டேன். குளிரிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகிறதே, அதேதான் டிஸ்க்குக்கும் நடக்கிறது. வெதுவெதுப்பான காற்று, சில்லிட்ட உலோகத்தில் பட்டு வியர்க்கும். வியர்த்த போர்டில் கரண்ட் பாய்ந்தால் என்ன ஆகுமோ அது ஆனது. இன்றும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: குளிரிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்கை உறையோடு வைத்துவிட்டு, வேறு வேலை பாருங்கள்.

திரும்பும் வழியில் ஐந்து மணி நேரம் பாட்டு இல்லை. நாங்களே பாடினோம். ஒருவனுக்கும் சுருதி கிடையாது. வழியில் ஒரு சிற்றூரில், பழைய பொருள் விற்கும் தர்மக் கடையில், சிவப்புக் கரை போட்ட சாம்பல் நிறக் கம்பளி ஒன்றை வாங்கி பின்சீட்டில் முழங்கால்களுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டோம். வெளியே பனி பூத்த வயல்கள் மெதுவாகப் பின்னால் போயின. அந்த ஐந்து மணி நேரப் பாட்டு எந்த டிஸ்க்கிலும் இல்லை. ஆனால் கம்பளி என்னோடு வந்தது. சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு, அறையிலிருந்து வீட்டுக்கு, கட்டிலிலிருந்து கடைசியில் சமையலறைக்கு.

3. மாவு கொடுத்த யோசனை

டிப்போவின் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஸ்டெல்லா, மலேசியாவில் கிள்ளான் ஊர்க்காரர். எல்லோரிடமும் ஆங்கிலம் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழ். என்னிடம் பெரும்பாலும் தமிழில்தான் பேசியிருக்கிறார்.

"மொதல் எட்டு நிமிசம் படமே இல்ல. காடி டிப்போவ விட்டு வெளிய போனா படம் வரணும்லா. இந்த எட்டு நிமிசத்துல எவனாச்சும் இடிச்சிட்டா?"

பஸ்ஸையும் காரையும் அவர் காடி என்றுதான் சொல்வார்.

"டிஸ்க்குக்கு அடியில ஹீட்டர் பிளேட் போடலாம் மேடம்."

"முப்பத்திரெண்டு காடிக்கும்? அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப என்னா செய்ய முடியும், அத சொல்லுங்க. ஆகஸ்ட்ல உங்க கான்ட்ராக்ட் ரினியூவல் வருது, ஞாபகம் இருக்குல்ல?"

நன்றாக ஞாபகம் இருந்தது.

மெல்பர்ன் குளிரில் இட்லி மாவைப் புளிக்கவைப்பது ஒரு தனிப் பொறியியல். என் மனைவி விஜி, மாவுப் பாத்திரத்தை அந்தச் சாம்பல் நிறக் கம்பளியில் சுற்றி, ஓவன் அடுப்புக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் படுப்பாள். ஸ்டெல்லாவிடம் பேசிய மறுநாள் காலை அந்தப் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கும்போது என் விரல் கம்பளிக்குள் போனது. வெளியே ஒரு டிகிரி. உள்ளே இளஞ்சூடு. மூடியைத் திறந்தால், மாவு எழும்பி, மேலே சிறு சிறு குமிழிகள் மெல்ல உடைந்துகொண்டிருந்தன. ஏதோ ஒரு ஜீவன் நிம்மதியாக உறங்குவதைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன, மாவையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் விஜி.

"வழி கிடைச்சுடுச்சு" என்றேன்.

சோதனையும் செய்தேன். ஒரு டிஸ்க்கை ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, கம்பளியில் சுற்றி, கராஜில் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் இன்னும் கதகதப்பு. வெற்றி என்று போய்ப் படுத்துவிட்டேன். விஞ்ஞானியாக இருந்தால் விடியற்காலையில் எழுந்து மறுபடி அளந்திருப்பான். நான் எக்ஸ்பர்ட்.

கம்பளியை அளவாக வெட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்து, எலாஸ்டிக் வைத்து, பரீட்சார்த்தமாக யோகநாதன் அண்ணனின் பஸ் பெட்டிக்கு மாட்டினேன்.

"இதென்ன தம்பி, பெட்டிக்கு சுவெட்டரோ?"

"சாயங்காலம் நீங்க பஸ்ஸை விடறப்ப டிஸ்க் சூடா இருக்குமில்ல அண்ணே. அந்தச் சூட்டைக் காலைவரைக்கும் இது பிடிச்சு வைக்கும்."

"வேலை செய்யுமோ?"

"மாவுக்கு வேலை செய்யுது."

"ஓம்" என்றார் அவர், கம்பளியைத் தடவிப் பார்த்தபடி. "நல்ல கம்பளி."

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் ஆறரைவரை தூங்கினேன். காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். கம்பளி பெட்டியை மூடியது. பெட்டியின் மேலிருந்த விளக்கையும் மூடியது. சிவப்பா பச்சையா என்று தெரியாததால் அவர் போன் செய்யவில்லை. போன் வராததால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் முடிவுகட்டினேன். அந்த மூன்று வாரமும் என் மனதில் இருந்த நிம்மதி, முழுக்க முழுக்க ஒரு விளக்கை மறைத்ததால் வந்தது.

4. படம் தொடங்கும்போது

மூன்றாவது வாரக் கடைசியில் ஸ்டெல்லா போன் செய்தார். தமிழில்.

டிப்போ ஆபீஸில் யோகநாதன் அண்ணன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையிலிருந்த திரையில் ஸ்டெல்லா எனக்கு அந்தப் பதிவைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை காலை, ஆறு மணி ஒரு நிமிடம். பஸ்ஸின் உள்பக்கம். பஸ் ஓரமாக நிற்கிறது. ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை செய்யும் மரியா என்ற வயதான அம்மா நடைபாதையில் கிடக்கிறார். இரண்டு பேர் குனிந்து அவரைத் தூக்குகிறார்கள். படம் தொடங்கும்போதே அவர் தரையில்தான் இருக்கிறார். அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

"கை மணிக்கட்டு ஒடஞ்சிருச்சி" என்றார் ஸ்டெல்லா. "உக்கார்றதுக்குள்ள டிரைவர் காடிய எடுத்துட்டாருன்னு அந்தம்மா சொல்லுது."

"அவ சீட்டில இருந்தாப் பிறகுதான் நான் எடுத்தனான்" என்றார் யோகநாதன் அண்ணன். "கண்ணாடியில பார்த்தனான். பஸ் ஓடேக்க எழும்பி, கீழ கிடந்த பையை எடுக்கக் குனிஞ்சவ."

"அப்ப படம் எங்க? எட்டு நிமிசம் போனா பரவால்ல. இது இருவத்தாறு நிமிசம். கரெக்டா விழுந்தப்புறம் படம் வருது. போன வருசம் ஒரு டிரைவர் கேபிள புடுங்கி விட்டுட்டு ஓட்டுனாரு. ஞாபகம் இருக்குல்ல?"

"ஸ்டெல்லா, பதினாலு வருஷமா ஓடுறன். நான் கேபிளைத் தொடேல்லை."

"நீங்க தொட்டீங்கன்னு நான் சொல்லல லா. ஹெட் ஆபீஸ் கேக்கும். வெள்ளிக்கிழமை என் ரிப்போர்ட் போகணும். அதுவரைக்கும் நீங்க ஓட்ட வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க பெட்டி தானா இருவத்தாறு நிமிசம் தூங்குமா?"

"இல்ல மேடம். அதிகபட்சம் எட்டு, ஒன்பது" என்றேன். எக்ஸ்பர்ட்டின் பதில்.

அந்தப் பதிலால் யோகநாதன் அண்ணனின் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியின் ஓரத்தைத் திருப்பத் தொடங்கினார்.

வெளியே, பஸ்கள் வரிசையாக நிற்கும் முற்றத்தில், மெல்லிய குரலில் சொன்னார்: "கம்பளியைப் பற்றி நான் வாய் திறக்கேல்லை. உங்கட கொன்ட்ராக்ட் இந்த மாதம்தானே. தேவையில்லாமல் ஏன் உங்களை இழுக்க வேணும் எண்டு." பிறகு கேட்டார்: "கம்பளியால ஒரு பிழையும் இல்லைத்தானே தம்பி?"

"இல்ல அண்ணே" என்றேன்.

அப்போது அதை நான் நம்பினேன். நம்பியதில் அரைவாசி, நம்பவேண்டிய தேவை.

5. ஒரு பத்தி குறைந்த தாள்

டிஸ்க் தூங்கினாலும் கூரையிலிருக்கும் போர்டு தூங்குவதில்லை. இன்ஜின் ஓடத் தொடங்கியதிலிருந்து பத்து வினாடிக்கு ஒருமுறை, நேரம், வேகம், கதவு, டிஸ்க்கின் வெப்பம் என்று தன் சிறிய நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். கூரையடியில் உட்கார்ந்துகொண்டு, யாரும் படிக்காத நாட்குறிப்பை எழுதும் ஒரு கிளார்க். 'லாக்' என்று நாங்கள் சொல்லும் அந்தக் குறிப்பை இறக்கிக்கொண்டுவந்து, வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறை மேசையில் விரித்தேன்.

ஐந்து ஐம்பத்தெட்டும் பத்து வினாடியும்: கதவு மூடியது. வேகம் பூஜ்யம். அடுத்த வரி, பூஜ்யம். அதற்கடுத்த வரி, பூஜ்யம். நாற்பது வினாடி பஸ் அசையவே இல்லை. பிறகும் மெதுவாகத்தான், பால்குடத்தைச் சுமப்பவர்போல, வேகம் ஏறுகிறது. நாற்பது வினாடியில் அந்த அம்மா உட்கார்ந்து, பையை வைத்து, கையுறையையும் கழற்றியிருக்கலாம். மரியா பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். விழுந்தவர்களுக்கு, விழுந்த கணத்துக்கு முன்னால் எதுவும் நினைவிருப்பதில்லை. அவர்களுடைய படமும் தரையில்தான் தொடங்குகிறது.

"அண்ணன் தப்பிச்சார்" என்று கத்தினேன்.

அப்புறம்தான் அட்டவணையின் பக்கத்துப் பத்தியைப் பார்த்தேன். டிஸ்க்கின் வெப்பம். செவ்வாய்க்கிழமை ஒரு டிகிரியில் தொடங்கி, ஐந்தைத் தொட இருபத்தாறு நிமிடம். திங்கட்கிழமை இருபத்தைந்து. அதற்கு முந்தைய வாரம் இருபத்தேழு. இன்னும் மேலே போனேன். நான் கம்பளி மாட்டியதற்கு முந்தைய நாள்: எட்டு நிமிடம்.

விஜி தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"மாவு புளிக்கிறப்ப அதுக்குள்ளயே சூடு வருது. பத்தாததுக்கு விளக்கு வேற போடுறேன். கம்பளி அதை வெளிய விடாம பார்த்துக்குது, அவ்வளவுதான். உங்க டப்பா புளிக்குதா?"

இருபது வருட அனுபவம் அந்த ஒரு கேள்வியில் உட்கார்ந்துவிட்டது. சாயங்காலச் சூடு இரவோடு போய்விடும். விடியும்போது கம்பளிக்குள் இருப்பது குளிர் மட்டும்தான். பஸ் ஹீட்டரின் வெதுவெதுப்பான காற்று வந்து தட்டும். கம்பளி உள்ளே விடாது. நான் டிஸ்க்கைக் குளிரிலிருந்து காப்பாற்றவில்லை. குளிரை ஹீட்டரிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

விஜி அடுப்புப் பக்கம் போனபிறகு, அந்த வெப்பப் பத்தியைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையை அழுத்தினேன். பத்தி மறைந்தது. மீதிப் பத்திகள் நெருங்கி நின்றுகொண்டன. பார்ப்பதற்கு மிகவும் நேர்மையான தாள். யோகநாதன் அண்ணன் பஸ்ஸைக் குலுக்கவில்லை என்று அது தெளிவாகச் சொன்னது. ஆனால் இருபத்தாறு நிமிடம் படம் ஏன் இல்லை என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேபிள் பிடுங்கிய டிரைவர் என்ற சந்தேகம் அவரோடேயே இருக்கும். முப்பத்திரண்டு பஸ் என்னோடு இருக்கும்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வெளியே வெளிச்சம் வடிந்து, தெருவிளக்கைச் சுற்றி மூடுபனி மஞ்சளாகத் திரண்டது. குளிர்பதனப் பெட்டி உறுமி அடங்கியது. அந்த அமைதியில் எனக்கு நானே சிவப்பு விளக்கு எரியும் ஒரு பெட்டிபோலத் தோன்றினேன். ஐந்து டிகிரி வரட்டும் என்று காத்திருக்கும் பெட்டி. பிறகு, அழித்ததை மீட்கும் விசையை அழுத்தினேன். பத்தி திரும்ப வந்து தன் இடத்தில் நின்றது.

ஸ்டெல்லாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "நாளைக் காலை ஐந்தரைக்கு டிப்போவில் ஒன்று காட்ட வேண்டும். யோகநாதனும் வரட்டும்."

6. இருபத்தாறு நிமிடம்

வெள்ளிக்கிழமை. ஒரு டிகிரி. முற்றத்து விளக்குகள் மூடுபனிக்குள் பஞ்சுருண்டைகளாக மிதந்தன. யோகநாதன் அண்ணனின் பஸ்ஸும், கம்பளி இல்லாத இன்னொரு பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.

அண்ணன் தன் சீட்டில். ஸ்டெல்லா முன்வரிசையில், கழுத்துவரை மூடிய தடித்த ஜாக்கெட்டில். நான் தரையில், விளக்கு தெரியும்படி கம்பளியின் ஒரு மூலையை மட்டும் மடித்துவிட்டு, பெட்டியின் அருகே.

"என்னா காட்டப் போறீங்க?"

"இது எழும்புற வரைக்கும் காத்திருக்கணும் மேடம்."

"பசியாறக்கூட இல்ல நான்" என்றார். ஆனாலும் உட்கார்ந்தார்.

அப்போதுதான் சொன்னேன். கேபிளை யாரும் தொடவில்லை. என் யோசனை, என் கம்பளி, என் தையல். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. எட்டு நிமிடத்தை நான்தான் இருபத்தாறாக்கினேன்.

ஸ்டெல்லா கம்பளியைப் பார்த்தார். "இட்லி மாவு?"

"ஆமா மேடம்."

"ரிப்போர்ட்ல நான் எப்படிலா எழுதுறது? ஹெட் ஆபீஸ்ல அயர்லாந்துக்காரன் ஒருத்தன் படிப்பான். அவனுக்கு மாவுன்னா என்னா தெரியும்?"

யோகநாதன் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பயணிகளைப் பார்க்கும் அந்தப் பெரிய கண்ணாடி. "கம்பளியால பிழை இல்லையெண்டு சொன்னனீங்கள்."

"சொன்னேன் அண்ணே."

"அண்டைக்கே தெரியுமோ?"

"அன்னைக்குத் தெரியாது. நேத்து தெரிஞ்சுது. தெரிஞ்சதும் அந்தக் கணக்கை அழிச்சுப் பார்த்தேன்."

"பிறகு?"

"திருப்பிப் போட்டுட்டேன். அழிச்சா உங்களுக்குப் பாதி நியாயம்தான் கிடைச்சிருக்கும்."

அவர் முன்கண்ணாடியைத் துடைக்கும் துணியை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத ஓர் இடத்தைத் துடைத்தார்.

எட்டாவது நிமிடம், பக்கத்து பஸ்ஸின் கண்ணாடிக் கதவு வழியே, தரையோரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. மூடுபனிக்குள் அது எங்கோ தூரத்து ஸ்டேஷனின் சிக்னல்போல இருந்தது. மூன்று பேரும் பார்த்தோம். எங்கள் பெட்டி சிவப்பாகவே இருந்தது.

இன்ஜின் சீராக முனகியது. எங்கள் மூச்சில் ஜன்னல்கள் மங்கின; முற்றம், மற்ற பஸ்கள், வேலி, எல்லாம் ஒவ்வொன்றாகக் கரைந்து, பஸ் எங்கேயும் இல்லாத இடத்தில் நிற்பதுபோல ஆனது. ஸ்டெல்லா பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, மூடியில் காப்பி ஊற்றி, முதலில் அண்ணனிடம் நீட்டினார்.

"பதினோரு வருசமா இந்த முப்பத்திரெண்டு காடியயும் பாத்துக்கிறேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "சும்மா ஒரு காடியில உக்காந்ததே இல்ல."

"எனக்குப் பிடிச்ச நேரம் இதுதான்" என்றார் அண்ணன். "எல்லாரும் ஏறினாப் பிறகு ஒரு சத்தமும் இருக்காது. அரைவாசிப் பேர் நித்திரை. முப்பது பேரின்ர நித்திரையைக் கொண்டுபோற மாதிரி இருக்கும். அதுக்குள்ள குலுக்கி எடுக்க ஏலுமோ, சொல்லுங்கோ."

ஸ்டெல்லா கேட்டுக்கொண்டிருந்தார்.

இருபத்தாறாவது நிமிடம் கம்பளிக்குள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு ஆழத்திலிருந்து ஏறிவரும் மெல்லிய ரீங்காரம். தட்டு சுழல, ஹெட் விழித்துக்கொண்டு தன் தடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் சின்னச் சின்னத் தட்டல்கள். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். முழுதாகக் கேட்டது அன்றுதான். சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

ஸ்டெல்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருவத்தாறு" என்றார். எழுந்து படியில் இறங்கியவர், திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "யோகா, மண்டே மார்னிங், யுவர் யூஷுவல் ஷிஃப்ட்."

ஆங்கிலம் என்றால் கோபம் இல்லை என்று அர்த்தம். என் பக்கம் திரும்பி, "நீங்க ஆபீஸுக்கு வாங்க" என்றார். தமிழில்.

7. கற்றுக்கொண்டது

முப்பத்திரண்டு பஸ்ஸில் பதினாறு எனக்கு மிஞ்சியது. மீதிப் பதினாறுக்கு வேறொருவர் வந்தார். ஹீட்டர் பிளேட் போட்டார். அவருடைய பெட்டிகள் எழும்பும் நேரம் இரண்டு நிமிடம் என்று கேள்வி. நன்றாக இருக்கட்டும். மரியா இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இப்போது யோகநாதன் அண்ணனுக்கு நேர் பின்சீட்டில்தான் உட்காருகிறார். அவர் அமர்ந்து, பையை மடியில் வைத்து, "ஓகே டார்லிங்" என்று சொல்லும்வரை பஸ் நகர்வதில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டே விஷயம். ஒன்று, விளக்கை மறைக்கும் எதையும் தீர்வு என்று நம்பாதீர்கள். இரண்டு, போர்வைக்குச் சூடு தரத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறதோ அதைத்தான் காப்பாற்றும். ஒன்றைப் போர்த்தி மூடுவதற்கு முன்னால், உள்ளே இருப்பது சூடா குளிரா என்று தொட்டுப் பாருங்கள். என் விஷயத்தில் தொட்டுப் பார்க்க மூன்று வாரமும் ஒரு மணிக்கட்டும் ஆகின.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வெளியே வந்தபோது, யோகநாதன் அண்ணன் பஸ்ஸடியில் காத்திருந்தார். கையில் பெட்டியிலிருந்து கழற்றிய கம்பளி.

"இதை என்ன செய்யப் போறீங்கள்?"

"குப்பையில போடணும் அண்ணே. வெட்டித் தைச்சாச்சு. இனிமே மாவுக்குக்கூட ஆகாது."

"அப்ப நான் வச்சிருக்கிறன்."

இந்த வருடமும் குளிர் வந்துவிட்டது. போன வாரம் காலை ஐந்து நாற்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. டிப்போவிலிருந்துதான்.

"தம்பி, பெட்டி எழும்பீட்டுது. எட்டு நிமிஷம். சொல்லுவம் எண்டு எடுத்தனான். நீங்கள் படுங்கோ."

"நான் முழிச்சுட்டேன் அண்ணே. உங்களுக்குக் குளிரலையா?"

"எனக்கென்ன" என்றார். "கம்பளி முழங்காலில கிடக்குது. போட்டு அஞ்சு நிமிஷத்தில நல்ல சூடு. சரி, போயிட்டு வாறன்."